18,500 ரூபாய் போச்சு: "ஸ்பெயின் ராஜா காலத்து வெள்ளிக்காசு"ன்னு யாராச்சும் போன் பண்ணா உஷாரா இருங்க

பழைய நாணயம் ஏலம் விடுற ஒரு ஆன்லைன் சைட்ல 18,500 ரூபாய விட்டுட்டு உக்காந்திருக்கேன். பேர போடல, கம்ப்ளெயின்ட் இன்னும் ஓடிட்டு இருக்கு.

விளம்பரத்துல இருந்தது ஸ்பெயின் ராஜா ஏழாம் ஃபெர்டினாண்ட் பேரு போட்ட எட்டு ரியால் (ரியால்ங்கிறது ஸ்பெயினோட பழைய பணம்) வெள்ளிக்காசு, அப்ப ஸ்பெயின் ஆட்சில இருந்த மெக்சிகோல அடிச்சது, வருஷம் 1808. புது ராஜா மூஞ்சி எப்டி இருக்கும்னே அங்க தெரியாம, கவசம் போட்ட மாதிரி ஒரு உருவத்த கற்பனையாவே செதுக்கி அடிச்ச காசு அது, அதனாலயே எனக்கு அது மேல ரொம்ப நாளா கண்ணு.

விக்கிறவரு அவரே போன் பண்ணாரு. காச பத்தி பேசவே இல்ல, முழுக்க கதைதான். ராணி மரியா லூயிசா தயவுல கொடோய் சாதாரண காவல்படை ஆளா இருந்து 25 வயசுலயே முதல் மந்திரி ஆனது, அவன கவுக்கணும்னு இளவரசன் ஃபெர்டினாண்ட் தன் பழைய வாத்தியார் எஸ்கோய்கிஸோட சேந்து சதி பண்ணி, 1807 அக்டோபர்ல நெப்போலியனுக்கே ரகசியமா லெட்டர் போட்டு உங்க குடும்பத்துல பொண்ணு குடுங்கன்னு கேட்டது, அந்த மாசமே எஸ்கோரியல் அரண்மனைல பேப்பரெல்லாம் சிக்கி பெத்த அப்பன் நாலாம் கார்லோஸே அவன காவல்ல வச்சது, மாட்டுனதும் கூட்டாளிங்க பேரையெல்லாம் ஒப்பிச்சு மன்னிப்பு எழுதிக் குடுத்தது. அப்புறம் 1808 மார்ச்ல ராஜ குடும்பம் தங்கியிருந்த அரன்ஹுவேஸ் ஊர்ல கொடோய்க்கு எதிரா கலவரம், கொடோய் சுருட்டுன பாய்க்குள்ள ஒளிஞ்சு கெடந்து தாகம் தாங்காம வெளிய வந்து மாட்டுனது, 19ஆம் தேதி கார்லோஸ் முடிய எறக்கி வச்சு ஃபெர்டினாண்ட் ராஜா ஆனது. ஒரு தேதி கூட தப்பல. இவ்ளோ படிச்ச மனுஷன், மேல சைட்டோட வெரிஃபைடு முத்திரை வேற, அன்னிக்கே கட்டிட்டேன் 18,500.

பார்சல பிரிச்சா காசுல வருஷம் 1806! போட்டோல 1808, கைல 1806. 1806ல ஃபெர்டினாண்ட் வெறும் இளவரசன்யா, அப்பன் சிம்மாசனத்துல கல்லு மாதிரி உக்காந்திருக்கான், மெக்சிகோல அடிச்ச காசெல்லாம் கார்லோஸ் பேர்லதான். எடையும் 21 கிராம், 27 கிராம் பக்கத்துல இருக்கணும்.

போன் போட்டா என்ன சொல்றாரு தெரியுமா, "சார் அது கொடோய்க்கு எதிரா ரகசியமா அடிச்சது, ரொம்ப ரேர், நீங்க லக்கி"ங்கிறாரு. லெட்டர் எழுதினதுக்கே காவல்ல வச்சாங்கன்னு நீங்கதான சொன்னீங்க, தன் பேர்ல காசே அடிச்சிருந்தா சும்மா விட்டிருப்பாங்களான்னு கேட்டேன். கட் பண்ணிட்டாரு, இப்ப நம்பர் பிளாக்.

சைட்ல கேட்டா செல்லர்கிட்ட பேசுங்க, செல்லர் கூரியர்ல மாறியிருக்கும்னு மெசேஜ், கூரியர்காரங்க சீல் பிரிச்சிட்டீங்க நாங்க பொறுப்பில்லன்னு. 1808ல பிரான்ஸ்ல இருக்கிற பயோன் ஊர்ல நெப்போலியன் ஸ்பெயின் முடிய மகன்கிட்ட இருந்து அப்பனுக்கு, அப்பன்கிட்ட இருந்து தனக்கு, அப்புறம் தன் அண்ணன் ஜோசஃபுக்குன்னு கைமாத்துன மாதிரி என் கம்ப்ளெயின்ட்ட சுத்த விடுறானுங்க. கடைசியா வந்த மெயில்ல "பழம்பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது". பழம்பொருளே இல்லைங்கிறதுதான்டா கம்ப்ளெயின்ட்டே!

வாங்குறவங்களுக்கு அவசரமா ரெண்டு மூணு விஷயம். 1808க்கு முன்னாடி வருஷம் போட்டு ஃபெர்டினாண்ட் பேரு இருந்தா தொடவே தொடாதீங்க. தராசுல வச்சு காட்ற வீடியோ கேளுங்க, விளிம்பையும் காட்ட சொல்லுங்க, வட்டமும் கட்டமும் மாறி மாறி வரணும். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, நான் அடிச்சிட்டேன், கம்ப்ளெயின்ட் நம்பர் குடுத்திருக்காங்க, 18,500 இன்னும் வரல. இதே ஆளுகிட்ட இதே கதைய கேட்டவங்க இருந்தா மெசேஜ் பண்ணுங்க, சேந்து கம்ப்ளெயின்ட் குடுப்போம்.