தானாக வாசிக்கும் பியானோ மூன்று: அழுத்தம் யாருடையது?

வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் தக்கலைப் பக்கம் வீடு கட்டுகிறான். போன மாதம் போனில் கேட்டான்: "சித்தப்பா, தானா வாசிக்கிய பியானோ ஒண்ணு ஹால்ல கிடந்தா நல்லா இருக்கும்லா? எத வாங்கலாம்?" எங்கள் ஊர்ச் சபையில் முப்பது வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன், அதனால் என்னிடம் கேட்டான். அன்று அவனிடம் சொன்னதையும் பிறகு தேடிப் படித்துத் தெளிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பெயர் ஒன்றானாலும் இதில் மூன்று இனம் உண்டு. காலால் மிதித்து ஓட்டும் பியானோலா ஒன்று. பெரிய கலைஞர் ஒருவரின் வாசிப்பை அவர் இல்லாதபோது திரும்ப வாசித்துக் காட்டும் வெல்ட்டே வகை இன்னொன்று. மூன்றாவது, மின்காந்தத்தில் ஓடும் இன்றைய பியானோ. எந்தக் கட்டை, எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்பதை மூன்றுமே ஒழுங்காகச் செய்துவிடும். எவ்வளவு பலமாக இறங்க வேண்டும் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. பாட்டுக்கு உயிர் அங்கே இருப்பதால் நான் அதைக்கொண்டே அளக்கிறேன்.

முதல் இரண்டும் ஓட்டை போட்ட காகிதச் சுருளைக்கொண்டு ஓடுகின்றன. முதலில் அந்த ஓட்டையின் கதை. நாகர்கோவில்காரர்களுக்கு இதை விளக்க லேஸ் போதும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்கே கற்றுக்கொடுத்த லேஸ் வேலையில், தலையணை மேல் துளையிட்ட அட்டை இருக்கும். துளை எங்கேயோ அங்கே ஊசி, ஊசி எங்கேயோ அங்கே நூல் திரும்பும். பியானோ ரோலும் அப்படித்தான். காகிதச் சுருளில் ஓட்டை எங்கேயோ அங்கே சுரம். ஓட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கட்டை அமுங்கி நிற்கும்.

அந்த ஓட்டையைப் படிப்பது காற்று. ரோல் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் நகர்கிறது. சட்டத்தில் வரிசையாகச் சிறு துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய். பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். காகிதத்தின் ஓட்டை சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும் வெளிக்காற்று குழாய்க்குள் புகுந்து ஒரு மெல்லிய தோல் சவ்வை உயர்த்தும். சவ்வு வால்வைத் திறக்கும். உடனே அந்தச் சுரத்துக்குரிய சின்னத் துருத்தி உறிஞ்சப்பட்டுச் சுருங்கி, பியானோவின் சுத்தியலைத் தள்ளிவிடும். 88 சுரத்துக்கும் 88 சின்னத் துருத்திகள்.

பியானோலாவில் காற்றை உறிஞ்சுவது நம் இரண்டு கால்கள். இதை 1895இல் உருவாக்கிய எட்வின் வோட்டே, டெட்ராய்ட்டில் ஆர்கன் செய்துகொண்டிருந்தவர். அதைப் படித்தபோது எனக்கு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தது போல் இருந்தது. கிறிஸ்தவக் கோயில்களில் இருந்த பழைய அமெரிக்க மிதி ஆர்கன் காற்றை உள்ளே உறிஞ்சித்தான் ரீடை, அதாவது ஒலி எழுப்பும் உலோக நாக்கை, பேசவைக்கும். பியானோலாவுக்கும் அதே வித்தை. முதலில் வந்தது பியானோவின் முன்னால் தள்ளி நிறுத்தும் தனி அலமாரி. துணி ஒட்டிய மரவிரல்கள் கட்டைகளை அழுத்தும். பின்னர் எல்லாம் பியானோவுக்குள்ளேயே போய்விட்டது.

சிறுவனாக மிதி ஆர்கனில் உட்கார்ந்தபோது வாத்தியார் சொல்வார்: "மக்கா, சத்தம் விரல்ல இல்ல, காலுல இருக்கு." பியானோலாவிலும் அதுவே விதி. அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் கூடி, துருத்தி வேகமாகச் சுருங்கி, சுத்தியல் பலமாக அடிக்கும். மென்மையாக மிதித்தால் பாட்டு முணுமுணுக்கும். கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல். ரோலில் 70 என்று போட்டிருந்தால் நிமிடத்துக்கு 7 அடி காகிதம் ஓட வேண்டும் என்று பொருள். பியானோலா தயாரித்த ஏயோலியன் கம்பெனி தன் ரோல்களில் ஒரு சிவப்பு வளைகோடும் அச்சிட்டது. நெம்புகோலின் முள்ளை அந்தக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் எங்கே இழுப்பது, எங்கே விரைவது என்று தெரியும். விரல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உட்கார்ந்திருப்பவருடையது. தானாக வாசிக்கும் பியானோ என்ற பெயரே இதற்குப் பொருந்தாது என்பேன்.

1908இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பஃபலோ நகரில் கூடி ரோலின் அகலம் 11¼ அங்குலம், 88 சுரத்துக்கு அங்குலத்துக்கு 9 துளை என்று முடிவு செய்தார்கள். அந்த ஒப்பந்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நூறு வருடப் பழைய இயந்திரத்தில் இன்று வெட்டிய ரோல் ஓடுகிறது.

வெல்ட்டே வகைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் எட்வின் வெல்ட்டேயும் கார்ல் போக்கிஷும் 1904இல் கொண்டுவந்தது இது. மின் மோட்டார் காற்றை உறிஞ்சும். உட்கார ஆள் வேண்டாம். சுர ஓட்டைகளோடு ஓரங்களில் வேறு ஓட்டைகளும் இருக்கும். அவை பலத்தைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் பின்னால் வந்த டூயோ ஆர்ட் என்ற இதே வகைப் பியானோவில் இதன் கணக்கு அழகானது: 1, 2, 4, 8 என்று மதிப்புள்ள நான்கு துளைகள். அவற்றை வெவ்வேறாகச் சேர்த்துத் திறந்தால் 16 படிகளில் பலம் கிடைக்கும். இன்றைய கணினி எண்ணும் அதே இருமக் கணக்கு, அதுவும் காகிதத்தில், காற்றால்!

குறை எங்கே என்றால், வெல்ட்டேயில் கட்டைப் பலகை இடது, வலது என்று இரண்டாகவே பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாதியில் ஒரே நொடியில் இரண்டு சுரம் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே பலம்தான். மெட்டை முன்னிறுத்தி மற்றதை அடக்க, ரோல் தயாரிப்பவர்கள் சுரத்தை மயிரிழை முன்னே பின்னே தள்ளி வைத்துச் சமாளித்தார்கள். அதனால் கேட்பது முழுக்க அந்தக் கலைஞரின் கை என்று நான் நம்ப மாட்டேன். ஆனாலும் இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் வாசித்ததைக் கேட்க வேறு வழி கிடையாது. 1905 நவம்பரில் வெல்ட்டேக்காக நான்கு ரோல் வாசித்தார். இசைத்தட்டு எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. அந்த நான்குக்காக இந்த இயந்திரத்தின் எல்லாக் குறையையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கம்பெனியின் ரோல் இன்னொன்றின் பியானோவில் பலம் காட்டாது. இந்த மூன்றில் வீட்டுக்கு வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

1920களின் நடுவில் ரேடியோ பரவியது, 1925இல் மின் ஒலிப்பதிவு வந்து இசைத்தட்டின் சத்தம் தெளிந்தது, 1929இல் பொருளாதாரம் விழுந்தது. காகிதச் சுருளின் காலம் அதோடு முடிந்தது.

இன்றைய மின்காந்த வகையில் யமஹாவின் டிஸ்க்ளேவியர் 1980களில் வந்தது. ஸ்டைன்வேயின் ஸ்பிரியோ 2015இல். கட்டையின் பின்பக்கத்தின் கீழே ஒவ்வொன்றுக்கும் ஒரு சொலினாய்டு, அதாவது உள்ளே உலக்கை வைத்த மின்காந்தச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் அதன் உலக்கை எழும்பிக் கட்டையைத் தூக்கும். பலம் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி, வெல்ட்டேயின் பாதிப் பாதிக் கணக்கு இங்கே இல்லை. மின் இசைக்கருவிகள் சுரத்தை எண்ணாக எழுதும் சாதாரண மிடி முறையிலேயே ஒரு சுரத்துக்கு 127 படி. ஒளி உணரிகள் இருக்கிற மாடலில் நாமே வாசித்ததையும் பதிந்து, திருப்பிக் கேட்கலாம். பாடகர் குழுவுக்கு ஒத்திகை நடத்துகிறவனாக எனக்கு இதன் அருமை தெரியும். மிக மெல்லிய வாசிப்பில் மட்டும் இது தடுமாறும்: தள்ளு கொஞ்சம் குறைந்தாலும் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும், சுரம் காணாமல் போகும்.

இனி நம் ஊர். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, கடற்கரைப் பக்கம் வருடம் முழுக்க உப்புக்காற்று. பியானோலாவின் ரப்பர் குழாயும் தோல் சவ்வும் ரப்பர் பூசிய துணியும் இங்கே சீக்கிரம் கெடும். ரோலை இராமபாணப் பூச்சி தின்னும், காகிதம் ஈரத்தில் விரிந்தால் ஓட்டை துளையை விட்டு விலகி வேறு சுரம் பேசும். ஆனால் பழுதானதைக் கையால் சரிசெய்யலாம். ஆர்மோனியத் துருத்திக்குத் தோல் ஒட்டத் தெரிந்தவர் இதையும் பொறுமையாகக் கற்றுக்கொள்வார். மின்காந்த வகையில் மின் பலகை போனால் பெட்டி கட்டி எங்கோ அனுப்ப வேண்டும். கரண்ட் போனால் அதுவும் சாதாரண பியானோவாக நிற்கும். பியானோலா மட்டும் அப்போதும் பாடும்.

அண்ணன் மகனுக்கு வாசிக்கத் தெரியாது, நேரமும் இல்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வாசிப்புக் கற்க ஆசை. அவனுக்கு மின்காந்த வகையே சரி என்று சொல்லிவிட்டேன். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதே, மழைக்காலத்தில் அறையை உலர்த்தி வை, வருடம் இரண்டு முறை டியூன் பார் என்றும் சொன்னேன்.

எனக்கு யாராவது தருவதாக இருந்தால் மிதிப்பதைத்தான் கேட்பேன். பழைய பங்களாவிலோ மிஷன் வளாகத்திலோ ஓரமாகக் கிடக்கும் பியானோவை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். கட்டைகளுக்கு மேலே இழுப்புக் கதவும், அதன் உள்ளே பித்தளைச் சட்டமும், கீழே மடித்து வைத்த இரண்டு அகல மிதிகளும் இருந்தால் அது பியானோலா.