செமஸ்டரா, குவார்ட்டரா?

அமெரிக்கக் கல்லூரிகளில் செமஸ்டர் முறை என்றால் ஆண்டுக்கு இரண்டு பருவம், ஒவ்வொன்றும் சுமார் 15 வாரம். குவார்ட்டரில் 10 வாரப் பருவங்கள். கோடையையும் சேர்த்தால் நான்கு. 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோதே அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் கொண்டுவந்த ஏற்பாடு இது.

குவார்ட்டரில் தேர்ந்தெடுக்கப் பாடங்கள் அதிகம், மூச்சுவிட நேரம் குறைவு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போச்சு.

கல்லூரி மாறுகிறவர்கள் சறுக்குவது கிரெடிட் (ஒரு பாடத்துக்குத் தரும் மதிப்பளவு) கணக்கில்தான். செமஸ்டர் கல்லூரிக்குப் போனால் குவார்ட்டர் கிரெடிட்டை மூன்றில் இரண்டாகக் குறைக்க வேண்டும்: 180 என்பது 120 ஆகும். 4 கிரெடிட் பாடம் 2.67 ஆகச் சுருங்கி, 3 கேட்கும் இடத்தில் எட்டாமல் போகும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1966-இல் குவார்ட்டருக்குப் போய், 1983-இல் செமஸ்டருக்கே திரும்பியது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் செமஸ்டருக்கு மாறியது.