ஆமைக் குஞ்சுக்கான 'முழுத் தொகுப்பு' என்று விற்கப்பட்ட பெட்டியில் நான் ஏமாந்த விதம்

நில ஆமைக் குஞ்சு ஒன்றை வாங்கி வீட்டில் வளர்க்க எண்ணுவோர், 'தேவையான அனைத்தும் உள்ளே' என்று சொல்லி அதனுடன் சேர்த்து விற்கப்படும் தொட்டித் தொகுப்புக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் எதையும் விசாரிக்காமல் வாங்கினேன். பதினோராவது வாரத்தில் என் குஞ்சு பிழைக்குமோ பிழைக்காதோ என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது, அதற்கென்றே தயாரித்து விற்கப்பட்ட அந்த வீடு.

நான் வாங்கியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சல்காட்டா இனக் குஞ்சு. ஓட்டின் நீளம் ஐந்து சென்டிமீட்டர், எடை 42 கிராம். விற்றவர் மிகவும் பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமையைத்தான் நான் அறிவு என்று எடுத்துக்கொண்டேன். "சார், இது பாலைவனப் பிராணி. எவ்வளவுக்கு எவ்வளவு உலர்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீரைக் கண்டால் சளி பிடித்துவிடும்" என்றார். எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டதற்கு, "நீங்கள் வைக்கும் பெட்டியின் அளவுக்கேற்பத்தான் வளரும்" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களும் பொய் என்பதை நான் தெரிந்துகொள்ள ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

ஒட்டகப் படம் அச்சிட்ட அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை இவை: நான்கு பக்கமும் கண்ணாடியாலான தொட்டி, அதற்குக் கண்ணாடியிலேயே ஒரு மூடி, 'கால்சியம் மணல்' என்று எழுதிய ஒரு பை, 'முழு நிறமாலை வெயில் விளக்கு' என்ற பெயரில் ஒரு சுருள் விளக்கு, இரவுக்கு ஒரு சிவப்புக் குமிழ் விளக்கு, மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறை, சுவரில் ஒட்டும் முள் வைத்த வெப்பமானியும் ஈரப்பதமானியும், ஆழமான ஒரு கிண்ணம், உலர்ந்த தீனி உருண்டைகள். பார்ப்பதற்கு எல்லாம் பொருத்தமாகவே தோன்றின. குறிப்பேட்டில் சொன்னபடி விளக்கை மூடியின் மேல் வைத்தேன், மணலைப் பரப்பினேன், குஞ்சை உள்ளே விட்டேன்.

முதல் இரண்டு வாரங்கள் அது கண்ணாடிச் சுவரோரமாக ஓயாமல் நடந்துகொண்டே இருந்தது. சுறுசுறுப்பான குஞ்சு என்று மகிழ்ந்தேன். கண்ணாடி என்பது தடை என்று ஆமைக்குப் புரிவதில்லை என்பதும், எதிரே தெரியும் இடத்துக்குப் போக முயன்று அது களைத்துப்போகிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பிறகு நடை குறைந்தது. கண்கள் பாதி மூடியபடி இருந்தன. தீனியைத் தொடவில்லை. வளர வேண்டிய வயதில் எடை 39 கிராமாகக் குறைந்ததைப் பார்த்த பிறகே, ஊர்வனவற்றைப் பார்க்கப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். குஞ்சின் ஓடு சற்று வளைந்து கொடுப்பது இயல்புதான் என்றாலும், நாளாக ஆக இறுக வேண்டிய ஓடு முன்னைவிட மென்மையாகி இருக்கிறது என்று அவர் தொட்டுக் காட்டினார். எக்ஸ்ரே எடுத்ததில் குடலில் மணல் தெரிந்தது. உடலில் நீர் வற்றியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, "எந்தப் பெட்டி?" என்று மட்டும் கேட்டார். ஒட்டகப் படத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று அந்த விளக்குதான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பகலில் நடமாடும் நில ஆமையின் தோலில் புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை, அதாவது ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை, படும்போதுதான் வைட்டமின் டி3 உண்டாகிறது. அது இல்லாவிட்டால், நாம் எவ்வளவு சுண்ணாம்புச்சத்தைத் தீனியில் தூவினாலும் உடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது; எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் சத்தை உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். ஓடு மென்மையானதன் காரணம் இதுதான். இந்த 'பி' வகைக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது என்பதே விற்பவருக்கு வசதி. விளக்கு பளிச்சென்று எரிந்தால் வேலை செய்கிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். என் பெட்டியில் வந்த விளக்கின் அட்டையில் 'புற ஊதா' என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. 'பி' வகை எத்தனை விழுக்காடு என்று ஓரிடத்திலும் இல்லை. மருத்துவரிடம் புற ஊதாக் குறியீட்டை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று இருந்தது. விளக்கை எரியவிட்டு, ஆமை நிற்கும் உயரத்தில் கருவியைப் பிடித்தோம். சுழியம். மூடியை எடுத்துவிட்டு, பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தோம். அப்போதும் சுழியம்தான். அது நீலச் சாயல் கொண்ட வெறும் வீட்டு விளக்கு.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த விளக்கு உண்மையானதாகவே இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது, ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி 'பி' வகைக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும். கண்ணாடி மூடியின் மேல் விளக்கை வைக்கச் சொன்ன குறிப்பேட்டை எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் எழுதினாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சன்னலோரம் தொட்டியை வைத்து வெயில் காட்டுவதாக நினைப்பவர்களும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். மேலும் கண்ணாடித் தொட்டிக்குள் நேர் வெயில் விழுந்தால், சூடு வெளியேற வழியின்றிக் குஞ்சு சற்று நேரத்திலேயே வெந்து இறந்துவிடக்கூடும்.

அடுத்தது உலர்வு. 'பாலைவனப் பிராணி' என்ற சொல்லில்தான் நான் முழுவதுமாக விழுந்தேன். சல்காட்டா, சகாராவின் தென்விளிம்பில் இருக்கும் சாகேல் என்ற வறண்ட புல்வெளிப் பகுதியில் வாழ்வது உண்மை. ஆனால் அது பகலின் பெரும்பகுதியை வெட்டவெளியில் கழிப்பதில்லை. மண்ணைத் தோண்டி வளைக்குள் இருக்கிறது. வளைக்குள் மேலே இருப்பதைவிட ஈரப்பதம் மிகுதி. சிறு குஞ்சுகள் மண்ணுக்குள்ளும் செடிகளின் அடியிலும் ஒளிந்தே வளர்கின்றன. அவற்றை மணல்மேல், விளக்கின்கீழ், ஒளிய இடமின்றி வைப்பது பாலைவனத்திலும் நடக்காத கொடுமை. சல்காட்டாக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பத நிலைகளில் வளர்த்துப் பார்த்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உலர்ந்த சூழலில் வளர்ந்தவற்றின் ஓட்டுத் தட்டுகள் கூம்பு கூம்பாகப் புடைத்தன. தீனியிலுள்ள புரத அளவைவிட ஈரப்பதமே இதில் பெரும்பங்கு வகித்தது. ஆமை வளர்ப்போர் 'பிரமிடிங்' என்று சொல்லும் இந்தப் புடைப்பு ஒருமுறை வந்துவிட்டால் மறையாது. பிறகு சரியாக வளரும் பகுதி மட்டுமே வழுவழுப்பாக இருக்கும். என் ஆமையின் முதுகில் அந்தப் பதினோரு வாரங்களின் மேடு இன்னும் இருக்கிறது.

தொட்டியோடு வந்த முள் ஈரப்பதமானி எப்போதும் 55 விழுக்காடு என்றே காட்டிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு ஒரு மின்னணு மானியை அருகில் வைத்தேன். அது 28 காட்டியது. முள் மானியை வெளியே எடுத்துக் குளியலறையில் வைத்தபோதும் முள் அசையவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கால்சியம் மணலைத் 'தின்றாலும் தீங்கில்லை' என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அந்த வாசகத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த எக்ஸ்ரே படம். சூடாகும் பாறை முற்றிலும் ஆபத்தானது: ஆமைக்கு இயற்கையில் வெப்பம் மேலிருந்துதான் வரும், கீழிருந்து வரும் கடுஞ்சூட்டை உணர்ந்து விலகத் தெரியாமல் அது வயிற்றுப் பக்க ஓட்டைச் சுட்டுக்கொள்ளும். சிவப்பு விளக்கு ஆமைக்குத் தெரியாது என்பதும் கட்டுக்கதை. ஆமைகளுக்கு நிறப்பார்வை நன்றாகவே உண்டு, எனவே இரவெல்லாம் அது விளக்கு வெளிச்சத்தில்தான் கிடந்திருக்கிறது. ஆழமான கிண்ணத்தில் விழுந்து கவிழ்ந்தால் குஞ்சு மூழ்கிவிடும். என் குஞ்சு அதில் விழாதது அதன் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அல்லது விற்றவரின் பேச்சைக் கேட்டு நான் அதில் தண்ணீரே ஊற்றாமல் இருந்ததன் பலன்.

மருத்துவரின் எழுத்து அறிக்கையோடு விற்றவரிடம் போனேன். அதே பொறுமையோடு கேட்டுக்கொண்டார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார். விளக்கில் கதிரே வரவில்லை என்பதைக் காட்டியபோது, அது 'வெயில் போன்ற வெளிச்சம்' தரும் விளக்கு என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, வைட்டமின் தரும் என்று எங்கும் எழுதவில்லையே என்றார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சொல்லுக்குச் சொல் வழக்கறிஞர் பார்த்து எழுதியதுபோல இருந்தது. கடைசியில், குஞ்சு தனிமையால் வாடியிருக்கலாம் என்றும், இன்னொன்றை விலை குறைத்துத் தருவதாகவும் சொன்னார். நில ஆமைகள் தனித்து வாழ்பவை. இரண்டை ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று மற்றதை அதட்டித் தீனியிலிருந்தும் வெப்பமான இடத்திலிருந்தும் ஒதுக்கிவிடும், பல வேளைகளில் சண்டை என்று நம் கண்ணுக்குத் தெரியாமலேயே. நோயுற்ற குஞ்சை வைத்துக்கொண்டிருப்பவரிடம் இரண்டாவதை விற்கப் பார்த்த அந்த மனத்தை என்னவென்று சொல்வது?

இப்போது என் ஆமை இருக்கும் பெட்டியை நானே அமைத்தேன். 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். பக்கங்கள் ஒளி ஊடுருவாதவை. ஈரம் வெளியேறாதபடி மேலே மூடியது. விளக்குகள் அனைத்தும் மூடிக்கு உள்ளே. தரையில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் இட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றி அடிப்பகுதியை ஈரமாகவும் மேற்பரப்பை ஓரளவு உலர்வாகவும் வைக்கிறேன். தேவதாரு போன்ற வாசனை மரங்களின் சீவல்களைப் போடக் கூடாது. அவற்றின் எண்ணெய் ஆவி மூச்சுக்குழாய்க்குக் கேடு. ஒரு முனையில் வெயில் காயும் இடம் 35 டிகிரி செல்சியஸ், மறுமுனை 27. இரவிலும் 26க்குக் கீழே போவதில்லை, அதற்கு வெளிச்சம் தராத பீங்கான் வெப்பி ஒன்றைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்திருக்கிறேன். ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சு நோய் வரும், ஈரமும் வெம்மையும் சேர்ந்தால் அந்த ஆபத்து குறைவு. விற்றவர் சொன்ன 'சளி' முழுக்கப் பொய்யும் அல்ல, ஆனால் அதற்கு மருந்து தண்ணீரை நிறுத்துவது என்று சொன்னதில்தான் வஞ்சகம் இருந்தது. ஒளிய ஓர் ஈரமான குகை, தரைமட்டத்தில் புதைத்த ஆழமற்ற மண்தட்டில் தண்ணீர், தினமும் இருபது நிமிடம் தாடை நனையாத அளவு வெதுவெதுப்பான நீரில் குளியல். விளக்குக்கு, விழுக்காடு தெளிவாக அச்சிட்ட நீளக் குழல் விளக்கு. அதையும் வாங்கிய அன்றே கருவியால் அளந்தேன், இப்போதும் அவ்வப்போது அளக்கிறேன், ஏனென்றால் வெளிச்சம் குறையாமலேயே கதிர் குறைந்துகொண்டு போகும். கருவி இல்லாதவர்கள் தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில், பொதுவாக ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள், மாற்றிவிடுவது நல்லது. தீனியாகப் புல், செம்பருத்தி இலை, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி; உருண்டைகள் கிடையாது.

'பெட்டியின் அளவுக்கேற்ப வளரும்' என்ற பேச்சுக்கு வருகிறேன். சல்காட்டா உலகின் மிகப் பெரிய நில ஆமை இனங்களுள் ஒன்று. முழு வளர்ச்சியில் ஐம்பது கிலோவைத் தொடக்கூடிய, பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர். நெருக்கடியான பெட்டி அதைச் சிறிதாக வைக்காது, உருக்குலைக்கும். நான் அமைத்த பெட்டியும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு அதற்குத் தோண்ட நிலம் வேண்டும், இரவில் சூடான கொட்டகை வேண்டும். இதை வாங்கும்போதே யாரேனும் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன் என்பது விற்றவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆவணம் கேட்காததும் என் தவறு. நில ஆமைக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின்கீழ் வருகிறது. நட்சத்திர ஆமை 2019 முதல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. குஞ்சு பண்ணையில் பொரித்ததா, காட்டிலிருந்து எடுத்ததா என்பதற்கு எழுத்துச் சான்று தராதவரிடமும், உங்கள் ஊர்ச் சட்டம் அந்த இனத்தை வளர்க்க அனுமதிக்கிறதா என்ற கேள்விக்கு மழுப்புபவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சின் எடை இன்று காலை 118 கிராம். அந்தக் கண்ணாடித் தொட்டியில் இப்போது அதற்கான புல் முளைக்கிறது. சுருள் விளக்கை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன். ஆமை வாங்கப் போவதாகத் தெரிந்தவர் யாராவது சொன்னால், இரவல் வாங்கிவைத்த கருவியை அதன்கீழ் பிடித்து அந்தச் சுழியத்தைக் காட்டுகிறேன்.