சனி ஞாயிறு வீட்டுவேலையும் லீவு ஒப்படையும்: எதைக் கொடுக்கலாம், எதை விடலாம்?

இலங்கையில் ஒரு பாடசாலை வகுப்பில் 38 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை ஆளுக்கு 20 கணக்குக் கொடுத்தால் திங்கட்கிழமை 760 விடைகள் மேசைக்கு வரும். ஒரு விடைக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் 2 மணி 6 நிமிடம் போகும். 40 நிமிடப் பாடவேளையில் மூன்றுக்கு மேல். அன்று அந்த ஆசிரியருக்கு ஓய்வுப் பாடவேளை ஒன்று கிடைத்தாலே பெரிய விசயம். அதனால் நடப்பது என்னவென்றால், "செய்து வந்த ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்ற ஒரு குரல், முதற்பக்கத்தில் ஒரு பெரிய சரி, கீழே ஒப்பமும் திகதியும். அவ்வளவுதான்.

லீவு நாளில் வீட்டுவேலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. பிள்ளையின் ஓய்வு, பெற்றோரின் பயம், பக்கத்துப் பாடசாலையின் பெறுபேறு என்று பேச்சுப் போய்விடும். இந்த ஒப்பீட்டில் முதல் அளவுகோல் திருத்தம்தான். யார் திருத்துவார், எப்போது திருத்துவார் என்று சொல்ல முடியாத வேலையைக் கொடுக்காமல் விடுவது நல்லது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தரம் 4 கொப்பி ஒன்றில் வழக்கமாகக் காணும் பிழை இது: 503 − 267 = 364. பிள்ளை கவனக்குறைவாகச் செய்யவில்லை. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 7இல் 3 போக 4, 6இல் 0 போக 6, 5இல் 2 போக 3. அதற்கு அது ஒரு விதி. சரியான விடை 236. நடுவில் பூச்சியம் நிற்பதால் நூறிலிருந்து கடன் வாங்கிப் பத்துக்குக் கொடுத்து, பத்திலிருந்து ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பிள்ளை தடம் மாறுகிறது. இந்தப் பிள்ளைக்குச் சித்திரை லீவுக்கு 30 கழித்தல் கொடுத்தால், பிழையான விதியை 30 தரம் பயிற்சி செய்துவிட்டு வரும். லீவு முடிய அதைக் கழற்றி எடுப்பது, புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம். அந்த 30 கணக்கும் இல்லாதிருந்தால் பிள்ளை கொஞ்சம் மறந்திருக்கும். மறதியைச் சரிசெய்வது சுலபம்.

இரண்டு நாள் வேறு, நாலு கிழமை வேறு

சனி ஞாயிறையும் தவணை விடுமுறையையும் ஒரே தராசில் போடுவதால்தான் பாதிக் குழப்பம். வெள்ளிக்கிழமை படித்தது திங்களுக்குள் ஆவியாகிப் போகாது. திங்கள் காலை ஐந்து நிமிடம் மீட்டினால் திரும்பி வரும். நாலு கிழமை என்றால் கதை வேறு. அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பரும் கூட இருந்தவர்களும் 1996இல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அங்குள்ள நீண்ட கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்னடைவு தெரிந்தது. வாசிப்பைவிடக் கணிதம், அதிலும் கூட்டிக் கழித்துச் செய்யும் கணக்கு, கூடுதலாக அடிபட்டது. எழுத்துக்கூட்டலும் அப்படியே. எங்கள் தவணை விடுமுறை அந்தளவு நீளமில்லை. ஆனால் எது முதலில் உதிரும் என்ற வரிசை இங்கேயும் அதுவாகத்தான் தெரிகிறது. வாய்பாடும் வகுத்தலும் முதலில் போகும்.

அதே கூப்பர் குழு 2006இல் வீட்டுவேலை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தது. வீட்டுவேலைக்கும் பெறுபேற்றுக்கும் உள்ள தொடர்பு தரம் 7இலிருந்து மேலே தெளிவாக இருந்தது. ஆரம்ப வகுப்புகளில் மெலிந்திருந்தது. நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்ற பெயரில் தரம் 3, 4, 5 பிள்ளைகளின் தோளில் அதிகம் ஏற்றிவிட்டு, தரம் 7, 8இல் கயிற்றை விட்டுவிடுகிறோம்.

சனி ஞாயிறு: மூன்று வழிகள்

முதலாவது, இப்போது நடப்பது. ஒவ்வொரு பாட ஆசிரியரும் "கொஞ்சம்தான்" என்று கொடுப்பார். ஆறு பாடம், பாடத்துக்கு 20 நிமிடம், மொத்தம் 2 மணித்தியாலம். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. சனி காலை ரியூசன், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பூசையும் மறைக்கல்வியும், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரஸா. மிச்சமாவது ஞாயிறு இரவுதான். அல்லது திங்கள் காலை 7.30 மணிக்கு முன், ஒருவர் கொப்பி வகுப்பைச் சுற்றி வரும் நேரம். ஏழு கொப்பியில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அந்த வேலை வீட்டில் நடக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, ஒன்றும் கொடுக்காமல் விடுவது. பிலிப்பைன்ஸில் 2010இல் கல்வித் திணைக்களம் ஆரம்பப் பாடசாலைகளுக்கு வாரஇறுதியில் வீட்டுவேலை வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. போலந்தில் 2024 ஏப்ரல் முதல் தரம் 1 முதல் 3 வரை எழுத்து வீட்டுவேலை நிறுத்தப்பட்டது. 4 முதல் 8 வரை விரும்பினால் செய்யலாம், புள்ளி இல்லை. இங்கே இதை அப்படியே கொண்டுவந்தால் வெற்றிடத்தை விளையாட்டு நிரப்பாது, ரியூசன் நிரப்பும். பாடசாலை சும்மா விட்ட சனிக்கிழமையை மாலை வகுப்புக்காரர் சும்மா விடமாட்டார். ஆனாலும் தரம் 1 முதல் 4 வரைக்கு எங்கள் தீர்ப்பு இதுதான்: எழுத்து வேலை வேண்டாம். வாசிப்பு மட்டும், பத்து நிமிடம், சத்தமாக, யாராவது ஒருவருக்கு. தாய் வெளிநாட்டில், தகப்பன் வயலில் அல்லது கடலில் என்ற வீட்டில் அம்மம்மாவோ உம்மம்மாவோ கேட்டால் போதும். கேட்பவருக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. விளங்கவில்லை என்றால் "திரும்ப வாசி மகன்" என்று சொல்லத் தெரிந்தால் சரி.

ஒரு சொல்லைப் பத்துத் தரம் எழுதும் வேலையை எந்த வகுப்புக்கும் கொடுக்காதீர்கள். "பழம்" என்று பத்துத் தரம் எழுதச் சொன்னால், பிள்ளை முதலில் ப, ப, ப என்று மேலிருந்து கீழே பத்து எழுதும். பிறகு ழ வரிசை. பிறகு ம் வரிசை. சொல்லை ஒருதரமும் எழுதியிருக்காது, கோலம் போட்டிருக்கும். எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும், ஆகவே காதும் உதவாது. அதற்குப் பதில், எழுத்து வேலை கொடுக்கும் வகுப்புகளுக்கு: பார், மூடு, எழுது, திறந்து ஒப்பிடு. ஐந்து சொல், சொல்லுக்கு மூன்று தரம். இதைச் சனி ஒருமுறையும் ஞாயிறு ஒருமுறையும் செய்யட்டும்.

மூன்றாவது வழி, தரம் 6 முதல் 9 வரைக்கு ஒரு கிழமைக்கு ஒரு பாடம். கரும்பலகையின் வலது மூலையில் ஒரு பெட்டி கீறுங்கள். முதல் கிழமை கணிதம், அடுத்தது தமிழ், பிறகு விஞ்ஞானம், ஆங்கிலம். வியாழக்கிழமையே மொனிற்றர் (வகுப்பு மாணவத் தலைவர்) அதில் எழுதிவிட வேண்டும். வெள்ளி மணியடிக்கும்போது கொடுத்தால் விளங்காததைக் கேட்க நேரமிராது. பெட்டி நிறைந்தால் மற்ற ஆசிரியர் அடுத்த முறைக்குக் காத்திருப்பார். அளவு 30 நிமிடம். கணிதம் என்றால் ஐந்து கணக்கு. 38 பிள்ளைக்கு 190 விடை, அரை மணித்தியாலத்தில் பார்த்து முடிக்கலாம். இது குழம்பும் இடமும் ஒன்றுதான்: அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பான பகுதித் தலைவர் பெட்டியைப் பார்க்காவிட்டால் மூன்றாம் கிழமை பழையபடி ஆறு பாடமும் வந்துவிடும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு இந்த ஓய்வுக் கதை பொருந்தாது. அவர்களுக்குச் சனி ஞாயிறு வேலை தேவை. ஆனால் மூன்று பாஸ் பேப்பர் (கடந்த வருட வினாத்தாள்) செய்து மூன்றையும் மூடிவைப்பதைவிட, ஒன்றைச் சனி செய்து, பிழைத்தவற்றை மட்டும் ஞாயிறு விடை பாராமல் திரும்பச் செய்து, அதையே அடுத்த ஞாயிறு மறுபடி செய்வது மேல். புலமைப்பரிசில் பிள்ளைக்கும் இதே முறைதான், அளவு மட்டும் பாதி.

தவணை விடுமுறை: கட்டா, துண்டா?

லீவு தொடங்கும் நாளில் கொடுக்கப்படும் ஒப்படைக் கட்டைப் பெற்றோர் விரும்புவார்கள். கையில் பிடிக்கக் கனமாக இருக்கிறது, போட்டோக் கொப்பிக்குக் காசும் கொடுத்தாகிவிட்டது. வட்ஸ்அப்பில் வந்தால் இன்னும் மோசம். போன் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும், படம் தெளிவில்லாமல் இருக்கும், டேட்டா முடிந்திருக்கும். எந்த வடிவில் வந்தாலும் கட்டு இரண்டு விதமாகத்தான் முடியும். முதல் இரண்டு நாளில் அள்ளி இறைத்து முடிப்பார்கள், அல்லது கடைசி ஞாயிறு அழுது முடிப்பார்கள். இடையில் மூன்று கிழமை வெறுமை. மறதியைத் தடுப்பதற்கென்று கொடுத்த வேலை, மறதி வேலை செய்யும் நாட்களில் கிட்டவே இல்லை.

துண்டு முறை இப்படி. நாலு கிழமை விடுமுறை என்றால் முதற்கிழமை ஒன்றுமில்லை. அடுத்த மூன்று கிழமையும் கிழமைக்கு நாலு நாள், நாளுக்கு 25 நிமிடம், மொத்தம் 12 துண்டு. ஒரு ஏ4 தாளை நாலாக வெட்டினால் பிள்ளைக்கு மூன்று தாள், 40 பிள்ளைக்கு 120 தாள். ஒரு துண்டில் போன தவணைக் கணக்கு மூன்று, அதற்கு முந்திய தவணையிலிருந்து ஒன்று, ஐந்து வரி வாசிப்பு, இரண்டு வசனம் எழுத்து. முதலாம் துண்டின் விடைகளை இரண்டாம் துண்டின் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும். பிள்ளை மறுநாள் துண்டை எடுத்தவுடன் முதல்நாள் கணக்கைத் தானே திருத்தும், சிவப்புப் பேனை வேண்டாம், பென்சில் வட்டம் போதும். அந்த வட்டங்கள்தான் ஆசிரியருக்குத் தேவை, விடைகள் அல்ல. 12 துண்டையும் கலையாமல் ஒரு மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்துக் கொடுங்கள். கிளிப் லீவு முடிய முன் காணாமல் போகும்.

பன்னிரண்டையும் ஒரே நாளில் செய்துவிட மாட்டார்களா? செய்வார்கள். பெற்றோர் ஒப்பம் வாங்கி வரச் சொல்வதால் பயனில்லை, ஒப்பம் போடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அன்று அளந்தால் மட்டும் எழுதக்கூடிய ஒன்றைக் கேட்டு, துண்டுக்குள்ளேயே அந்த நாளைக் கட்டிவிட வேண்டும். மார்கழி லீவு என்றால் மழை இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலம் அது. பால்மா ரின் ஒன்றை முற்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். ரின் நேராக இருக்க வேண்டும். வாளியும் கோப்பையும் மேலே அகன்று கீழே ஒடுங்குவதால் அளவு கூடிக் காட்டும். கூரைத் தாழ்வாரத்துக்கும் மரத்துக்கும் தள்ளி, காற்றில் விழாமல் இரண்டு செங்கல்லுக்கிடையில். காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தைச் செங்குத்தாக இறக்கி மில்லிமீற்றரில் வாசித்து, துண்டில் எழுதி, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். ஊற்ற மறந்தால் அடுத்த நாள் கணக்கில் முதல்நாள் மழையும் சேர்ந்துவிடும். அடிமட்டத்தின் நுனியில் பூச்சியத்துக்கு முன் உள்ள வெற்றுப் பகுதியையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் எல்லா நாளும் அந்தளவு குறையும். பாடசாலை தொடங்கியதும் ஒரே ஊர்ப் பிள்ளைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் அளந்தார், யார் படுக்கையில் கிடந்து எழுதினார் என்பது தானாகத் தெரியும். சலாகை வரைபுக்கும் சராசரிக்கும் பாடப் புத்தகத்து எண்களைவிட அது நல்ல தரவு. ஒரு எச்சரிக்கை: வெள்ளம் ஏறிய வீட்டுப் பிள்ளையிடம் துண்டைக் கேட்கவே கூடாது. சில வருடம் பாடசாலைக் கட்டடமே இடம்பெயர்ந்தவர்களுக்கு முகாமாகியிருக்கும்.

சித்திரை லீவு குறுகியது. துண்டு நாலு போதும். கைவிசேடக் காசைக் கணக்கு வைக்கச் சொல்லலாம்: யார் தந்தது, எவ்வளவு, செலவு என்ன, மிச்சம் என்ன. ஆனால் தொகையை வகுப்பில் சத்தமாக வாசிக்க விடாதீர்கள். ஒருவனுக்கு 5000 சேர்ந்திருக்கும், பக்கத்துப் பிள்ளைக்கு 120. கூட்டல் சரியா என்று மட்டும் பாருங்கள்.

ஆவணி லீவில் கச்சான் காற்று, வறண்ட சூட்டுக் காற்று. தகரக் கூரைக்குக் கீழே மதியம் எந்தப் பிள்ளையும் கணக்குச் செய்யாது. காலை ஆறரைக்குள் முடியும் வேலையைக் கொடுங்கள். மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்துப் பாசன வயல்களில் சிறுபோக அறுவடையும் அதையொட்டி வரலாம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகள் பலர் வயல் வேலையில் கை கொடுக்கிறார்கள் என்பது தெரியாத மாதிரி ஒப்படை தயாரிப்பது நகரத்து மேசையின் பழக்கம்.

முஸ்லிம் பாடசாலைகளின் நாட்காட்டி வேறு. நோன்பு மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. அஸருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) பிறகு பிள்ளைக்குத் தலை ஓடாது, இரவில் தராவீஹ் தொழுகை. காலை பத்து மணிவாக்கில் 20 நிமிடம் பொருந்தும். நோன்பின் கடைசிப் பத்து நாளிலும் பெருநாளிலும் ஒன்றும் வேண்டாம். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், அளந்து எழுதும் துண்டுகளைப் பருவம் பார்த்து ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டியிருக்கும்.

பாடசாலை தொடங்கும் முதல்நாள் கணிதப் பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம். ஐந்து நிமிடம், நூலில் கோத்த துண்டுக் கோவைகளைச் சேர்ப்பது. பத்து நிமிடம், எந்தக் கணக்குக்கு அதிக வட்டம் என்று பிள்ளைகளையே கை உயர்த்தச் சொல்லி எண்ணுவது. வட்டம் கூடிய இரண்டு கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். ஒன்று அநேகமாக நடுவில் பூச்சியம் நிற்கும் கழித்தலாக இருக்கும். மிச்சம் 25 நிமிடமும் அந்த இரண்டுக்குத்தான். கோவை கொண்டுவராத பிள்ளையும் அதே இரண்டு கணக்கை அங்கேயே செய்யட்டும். வெளியில் நிற்பாட்டி வைத்தால் திருத்தும் நேரமும் அதற்கு இல்லாமல் போகும்.