எச்.யூ பிணைப்பை அளக்க: ஜெல் ஷிஃப்டா, அனைசோட்ரோபியா?

பாக்டீரியாவின் குரோமோசோமை மடித்து அடக்கும் புரதங்கள் டி.என்.ஏ-வை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன? எச்.யூ அப்படிப்பட்ட ஒரு புரதம். அதை அளக்க இரண்டு வழிகள். புரதம் ஏறிய டி.என்.ஏ ஜெல்லில் மெதுவாக ஓடுவதைப் பார்ப்பது ஜெல் ஷிஃப்ட்: மலிவு, படமும் கையில் கிடைக்கும். புரதம் ஏறிய டி.என்.ஏ மெதுவாகச் சுழல்வதை அதன் ஒளிர்வை வைத்து அளப்பது அனைசோட்ரோபி. அதற்கு ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயம் ஒட்டிய டி.என்.ஏ-வும், போலரைசர் (ஒளியைத் திசை பார்த்து வடிகட்டுவது) உள்ள பிளேட் ரீடரும் வேண்டும். நம்பகமான எண் தேவையென்றால் என் ஓட்டு அனைசோட்ரோபிக்குத்தான்.

காரணம் உப்பு. எச்.யூ டி.என்.ஏ-வின் எழுத்து வரிசை பார்த்துப் பிடிப்பதில்லை. அதன் பிடி பெரும்பாலும் மின்னூட்ட ஈர்ப்பு. 50 மில்லிமோலார் உப்பில் இறுக்கமாகத் தெரிவது 200-இல் கிடுகிடுவெனத் தளர்ந்துவிடும். கலவையை எந்த உப்பில் தயாரித்தாலும், ஜெல்லுக்குள் நுழைந்ததும் அதைச் சூழ்வது ஜெல்லை ஓட்டும் 0.5 மடங்கு டி.பி.ஈ. பஃபர்தான். அதில் உப்பு சொற்பம். அங்கே சில புரத–டி.என்.ஏ கூட்டுகள் ஓடும்போதே பிரிந்து, பட்டைக்குப் பதில் இழுபட்ட கறையாகும். சில இல்லாத இறுக்கத்தைக் காட்டும். மெக்னீசியம் விஷயம் இன்னும் மோசம். எச்-என்.எஸ் என்ற இன்னொரு குரோமோசோம் புரதம் 2 மில்லிமோலார் மெக்னீசியத்தில் டி.என்.ஏ-வை விறைப்பாக்குகிறது, 10-இல் இரண்டு இழைகளைப் பாலம்போல் இணைக்கிறது. டி.பி.ஈ-யில் உள்ள ஈ.டி.டி.ஏ. அந்த மெக்னீசியத்தையே பிடித்துக்கொள்ளும். ஜெல்தான் வழி என்றால் ஈ.டி.டி.ஏ-வை விட்டுவிட்டு, ஜெல்லிலும் பஃபரிலும் மெக்னீசியம் சேர்த்து, 4 டிகிரியில் ஓட்டுங்கள்.

அனைசோட்ரோபியில் நீங்கள் ஊற்றிய பஃபரிலேயே அளவீடு நடக்கிறது. 20–30 காரஇணை நீள டி.என்.ஏ, 1–5 நானோமோலார் போதும். இது பிணைப்பு மாறிலியைவிட (பாதி டி.என்.ஏ-வில் புரதம் ஏறும் செறிவு) நன்றாகக் குறைவாக இருக்கட்டும். கூடினால் வளைவு பிணைப்பின் வலிமையைக் காட்டாது, புரதத்தின் அளவைத்தான் காட்டும். புரதம் ஒட்டாத கருப்பு பிளேட்டில் 25 டிகிரியில் 20 நிமிடம் வைத்துப் படியுங்கள், 40-ஆவது நிமிடத்தில் மறுபடியும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சமநிலை வரவில்லை. மொத்த ஒளிர்வையும் கூடவே பாருங்கள்: புரதம் சேரச் சேர அது மாறினால் ஃபுளோரசீனே பாதிக்கப்படுகிறது, லேபிளை மறுமுனைக்கு மாற்றுங்கள். கலங்கலும் பொய் உயர்வு தரும்.

பலர் தவறுவது புரத அளவில். ஈ. கோலை எச்.யூ-வில் டிரிப்டோபனும் இல்லை, டைரோசினும் இல்லை. இவை உறிஞ்சும் 280 நானோமீட்டர் ஒளியில் அளந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. நிற மாற்றத்தால் புரதத்தை அளக்கும் பி.சி.ஏ. முறையில் அளந்து, இரண்டு சங்கிலி சேர்ந்த ஜோடியை (டைமர்) ஒன்றாகக் கணக்கிடுங்கள்.

ஒரே டி.என்.ஏ-வில் எத்தனை புரதம் ஏறியது என்பதை ஜெல்லின் ஏணிப்பட்டைகள் காட்டும், அனைசோட்ரோபி காட்டாது. நீண்ட டி.என்.ஏ-விலும் அதன் சிக்னல் மங்கிவிடும், எச்-என்.எஸ் இழையாகப் பரவ நீளம் தேவை என்பதால் அங்கே அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஐ.எச்.எஃப் என்ற இன்னொரு புரதம் டி.என்.ஏ-வில் தன் குறிப்பிட்ட தளத்தை 160 டிகிரிக்கு மேல் வளைத்து இறுகப் பிடிப்பதால், அந்தக் கூட்டு ஜெல்லில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். அதற்கு ஜெல்லே போதும்.