பந்தி இல்லாத மாநாட்டுக்கு என்ன கட்டணம்?

போன வாரம் பக்கத்து மாவட்டச் சங்கத்தின் பொருளாளர் போன் செய்தார். "மேடம், 2021ல நீங்க ஆன்லைன்ல மாநாடு நடத்துனீங்களே, அந்தக் கம்பெனி எப்படி? எவ்வளவு ஆச்சு?" இதே கேள்வியோடு வரும் மூன்றாவது ஆள் அவர். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசித் தொண்டை வறள்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். கொட்டேஷன் வாங்கிய மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே கதைதான் என்பது இன்னொன்று.

எனக்குத் திருச்சி தில்லை நகரில் பிசியோதெரபி கிளினிக். அப்போது எங்கள் சங்கத்துக்குப் பொருளாளர். செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி நாள் என்பதால் எங்கள் மாநாடும் எப்போதும் அதை ஒட்டியே வரும். 2021-க்கு மண்டபமும் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. மே 10 அன்று முழு ஊரடங்கு வந்தது. மண்டபக்காரர் பாதி அட்வான்ஸைத் திருப்பித் தந்தார். மீதியை அடுத்த முறை கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த முறை எப்போது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த ஏப்ரலில்தான் துபாயில் நடக்கவேண்டிய உலக பிசியோதெரபி மாநாடே இணையத்துக்குப் போயிருந்தது. "அவங்களே போயிட்டாங்க, நமக்கென்ன?" என்றார் தலைவர்.

ஜூம் போதுமே என்று பலர் சொன்னார்கள். மாதாந்திர வகுப்பு என்றால் போதும். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதை விடுங்கள், காசு கட்டினாலும் பதிவு, ஸ்டால், வருகைக் கணக்கு, சான்றிதழ் எல்லாவற்றையும் நாமே தனித்தனியாகப் பார்க்கவேண்டும். சங்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க நான்கு பேர். அதனால்தான் இதையெல்லாம் ஒரே இணைய மேடையில் சேர்த்துச் செய்துதரும் அந்தச் சென்னை நிறுவனம்.

கொட்டேஷன்: இரண்டு நாள், 500 பேர் வரை 85,000 ரூபாய். ஆயிரம் பேர் ஸ்லாப் என்றால் 1,30,000. அடியில் பொடி எழுத்தில் 'ஜிஎஸ்டி தனி'. 18 சதவீதம் சேர்த்தால் 85,000 என்பது 1,00,300 ஆகிவிடும். பெரிய கம்பெனிகள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும், அதாவது தாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும். வருட வரவு 20 லட்சத்தைத் தொடாத சின்னச் சங்கம் நாங்கள், ஜிஎஸ்டி பதிவே கிடையாது. எங்களுக்கு அது முழுச் செலவு. முதல் கூட்டத்தில் செயலாளர் 85,000 என்றே போட்டுக் காட்டினார். நான்தான் பேனாவை வாங்கித் திருத்தினேன்.

அப்புறம் டெலிகேட் ஃபீஸ். இதில்தான் இரண்டு வாரம் போனது. 2019-இல் நேரில் நடத்தியபோது ஆளுக்கு 2,200 வாங்கினோம். அதில் மண்டபம், இரண்டு வேளை சாப்பாடு, டீ, பை, ஃபைல் எல்லாம் போக மிஞ்சுவது 800. சாப்பாடு போடாத மாநாட்டுக்கு 800 வாங்கலாம் என்று கணக்காகச் சொன்னேன். "வீட்ல உட்கார்ந்து போன்ல பார்க்க 800 யாரும்மா குடுப்பா? பேஷண்டே வராம அவனவன் வாடகைக்கு முழிக்கிறான்" என்றார் தலைவர். இலவசமாகவே நடத்திவிடலாம் என்றது ஒரு கோஷ்டி. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரடங்கில் இலவச வெபினார் எத்தனை பார்த்தோம்! பதிவு செய்பவர்களில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பத்து ரூபாயாவது கொடுத்தவன்தான் நேரத்துக்கு வந்து உட்காருவான்.

கடைசியில் கணக்கைத் திருப்பிப் போட்டேன். போன முறை எவ்வளவு வாங்கினோம் என்பதை மறந்துவிட்டு, கையைக் கடிக்காமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்று பார்த்தேன். இணைய மேடைச் சேவை 1,00,300. எட்டுப் பேச்சாளர்களுக்குத் தலா 2,500. சான்றிதழ் வடிவமைப்பு, பதிவு எடிட்டிங், கூடுதல் இணைய இணைப்பு எல்லாம் சேர்த்து 18,700. மொத்தம் 1,39,000. இணைய ஸ்டாலுக்கு 7,500 வீதம் நான்கு பேர் ஒப்புக்கொண்டார்கள், இடுப்பு பெல்ட் விற்பவர்களும் ஐஎஃப்டி என்ற வலி குறைக்கும் மின்சிகிச்சை மெஷின் விற்பவர்களும். அது 30,000. மீதி 1,09,000-ஐ ஆட்களிடம் வாங்கவேண்டும். உறுப்பினருக்கு 350, மாணவருக்கு 150, வெளியாருக்கு 500. இருநூறு உறுப்பினர், நூற்றைம்பது மாணவர், நாற்பது வெளியார் வந்தால் 1,12,500. தப்பித்துவிடலாம்.

பணம் வாங்கப் பேமென்ட் கேட்வே வைக்கச் சொன்னார்கள். 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்தே எம்டிஆர், அதாவது பணம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாதே என்று சங்கக் கணக்கின் க்யூஆரைப் போட்டுவிட்டேன். ஸ்க்ரீன்ஷாட்டை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது நான்தான் என்பதால் அந்த மிச்சத்தை என் கூலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் பிடிவாதமாக எழுதி வாங்கினோம்: 15 நாளுக்கு முன் சொன்னால் ஒருமுறை தேதியை மாற்றக் கட்டணம் இல்லை. நிறுவனம் முகம் சுளிக்காமல் போட்டுக்கொடுத்தது, அதற்குப் பாராட்டு. ஆனால் தேவைப்பட்டபோது அது உதவவில்லை. செப்டம்பர் 11, 12 என்று ஜூன் கடைசியில் முடிவு செய்தோம். ஜூலையில் நீட் தேர்வை அதே 12-க்குத் தள்ளினார்கள். பிள்ளை தேர்வு எழுதும் உறுப்பினர்கள் புலம்பினார்கள். பேச்சாளர்களின் தேதி வீணாகுமே என்று விட்டுவிட்டோம். செப்டம்பர் பிறந்ததும், மாநிலம் முழுக்க முதல் மெகா தடுப்பூசி முகாம், அதுவும் அதே ஞாயிறு. அதற்குள் 15 நாள் கெடு தாண்டியிருந்தது. அரசு மருத்துவமனைக்காரர்கள் பலர் முகாமுக்குப் போய்விட்டார்கள்.

அவர்களின் இணைய மேடைக்குள் நுழைந்தால் முகப்பில் ஒரு கண்ணாடி மாளிகைப் படம். வாசலில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் கையில் பெட்டியோடு நிற்கிறார்கள். "இது எந்த ஊர் மண்டபம்?" என்று கேட்டார் தலைவர். மாற்றித் தர 6,000 ரூபாய் கேட்டார்கள். வேண்டாம், நிற்கட்டும் என்றுவிட்டோம்.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு பதிவு 118. சீக்கிரம் சேர்ந்தால் சலுகை என்றதெல்லாம் எடுபடவில்லை. அடுத்த வாரம் என்ன ஆகும் என்றே தெரியாதவன் எப்படி முன்கூட்டிக் கட்டுவான்? கடைசி மூன்று நாளில் கொட்டித் தீர்த்தது. வெள்ளிக்கிழமை, விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பில் வரிசையாக, "மேடம், லிங்க் வேலை செய்யல." 500 நிரம்பிவிட்டது. அடுத்த ஸ்லாபுக்கு வித்தியாசம் 45,000, ஜிஎஸ்டி தனி, என்றார் விற்பனைப் பிரிவு ஆள்.

500 பேர் என்றால் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர்கள் கணக்கில் அது பதிவான தலைகள். பேச்சாளர், ஸ்டால்காரர், நாங்கள், அவர்களே போட்ட சோதனைக் கணக்குகள் எல்லாமே தலைதான். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வேறு மெயிலில் மறுபடி பதிந்தவர்களும் தலைதான். நானும் செயலாளரும் இரவு ஒரு மணி வரை பட்டியலை வைத்துக்கொண்டு, பணம் வந்த பெயர் எது, இரட்டைப் பெயர் எது என்று பார்த்து 32-ஐ நீக்கினோம். காலையில் இன்னும் 23 பேர் சேர்ந்தார்கள். இரண்டு நாளிலும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் 310-ஐத் தாண்டவில்லை! கொட்டேஷன் வாங்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: தலையை எப்போது எண்ணுவீர்கள், பதியும்போதா, உள்ளே வரும்போதா? எழுத்தில் வாங்குங்கள்.

நல்லதையும் சொல்லவேண்டும். அவர்கள் கொடுத்த தொழில்நுட்பப் பையன் இரண்டு நாளும் போனை வைக்கவே இல்லை. பேச்சுகளை முன்கூட்டியே பதிவு செய்து, கேள்வி பதிலை மட்டும் நேரலையில் வைத்துக்கொண்டோம். இது என் தம்பி மகன் சொன்ன யோசனை. அவன் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் இருப்பவன். 2020-இல் அடிஸ் அபாபாவில் நடக்கவேண்டிய ஐசிஎல்ஆர் என்ற செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சி மாநாடு இணையத்துக்குப் போனபோது அப்படித்தான் செய்தார்களாம். சனிக்கிழமை நாகர்கோவிலில் மழை, பேச்சாளர் வீட்டில் கரண்ட் இல்லை. கொரோனாவுக்குப் பிந்தைய மூச்சுப் பயிற்சி பற்றிய அவர் பேச்சு பதிவிலிருந்து ஓடியது. கேள்விகளுக்கு அவர் போனில் பதில் சொல்ல, நான் ஸ்பீக்கரைப் போட்டு லேப்டாப் மைக் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது பதிவில் இன்றைக்கும் இருக்கிறது.

டேப் ஒட்டும் செய்முறை வகுப்பைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். 40 பேருக்கு மட்டும் தனியாக 600 ரூபாய் வாங்கி, ஆளுக்கு ஒரு ரோல் கூரியரில் அனுப்பினோம். வீட்டில் அண்ணன், தம்பி, மாமியார் யார் முழங்கால் கிடைத்ததோ அதில் ஒட்டிக் காட்டினார்கள். பின்னூட்டத்தில் அதிகம் பேர் பாராட்டியது இதைத்தான். அது தனிக் கணக்கு, லாபமும் இல்லை நட்டமும் இல்லை. ஸ்டால்காரர்களுக்குத்தான் நியாயமே செய்யவில்லை. ஒரு ஸ்டாலை இரண்டு நாளில் 41 பேர்தான் திறந்திருக்கிறார்கள். மண்டபமாக இருந்தால் டீக்கு நிற்கும் கூட்டமே அதைவிட அதிகம்.

சான்றிதழ் தானாகப் போகும் என்றார்கள். போனது. ஆனால் பதிவில் எழுதிய பெயரை விட்டுவிட்டு, திரையில் தெரிந்த பெயரை எடுத்துக்கொண்டது. 'அம்மா மொபைல்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு நாள் மாநாட்டை முழுமையாகக் கவனித்ததாக எங்கள் தலைவர் கையெழுத்திட்டிருக்கிறார்.

முடிவில் 466 பேர் கட்டியது 1,29,050, ஸ்டால் 30,000. செலவு போக 20,050 மிச்சம். அந்த நிறுவனத்தை மறுபடி கூப்பிடுவேனா? முந்நூறு பேருக்கு மேல் என்றால், தலைக்கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு கூப்பிடுவேன். அதற்குக் கீழே என்றால் ஜூமும் க்யூஆரும் போதும். வீடியோ பதிவுகளை 90 நாளில் அழித்துவிடுவார்கள், உடனே இறக்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது ஒரு ஹார்ட் டிஸ்க்கில், மிஞ்சிய டேப் ரோல்களோடு என் கிளினிக் மேஜை டிராயரில் கிடக்கிறது.