பெரியப்பாவின் தலை ஆபரேஷன்: நெல்லையில் ஒரு நியூரோ வார்டு எப்படி இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கும் டாக்டருக்கும் ஐந்துக்கு ஐந்து, டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய விதத்துக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம். திருநெல்வேலியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, குறையும் எழுதப் போவதால் பெயரைப் போடவில்லை.

பெரியப்பா கல்லிடைக்குறிச்சிக்காரர், எழுபது தாண்டிவிட்டது, ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் படித்துறையில் வழுக்கி விழுந்தார். லேசான வீக்கம்தான், வற்றியதும் எல்லாரும் மறந்துவிட்டோம். மாதம் ஒன்றுக்கு மேல் கழித்துத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், இடது கால் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்துகொண்டே போகிறார். வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும் என்றாள் பெரியம்மா, பக்கவாதம் என்றார்கள் பக்கத்து வீட்டில். சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே வலது பக்கம் ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது.

டாக்டர் எங்களை உட்கார வைத்து ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், அப்போது மூளையிலிருந்து மேல் உறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சின்ன அடியிலேயே கிழிந்து ரத்தம் கசிய ஆரம்பிக்கும், அது வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்வதால்தான் விழுந்த அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல், பெரியப்பாவும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத் தெரியுமாம், நாளாக ஆக மங்கி மூளையைவிடக் கறுப்பாகிவிடுமாம். “நடுக்கோடு இடது பக்கம் தள்ளியிருக்கு பாருங்க தம்பி, அழுத்தம் அவ்வளவு இருக்கு” என்று அவர் விரலை வைத்துக் காட்டியபோது படிக்காத பெரியம்மாவுக்கே புரிந்துவிட்டது. இப்படிப் பொறுமையாகச் சொல்கிற டாக்டர் கிடைப்பது லேசில்லை.

மூளை ஆபரேஷன் என்றதும் மண்டையைப் பிளந்து வைப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இது அப்படி இல்லை. மண்டை ஓட்டில் ஒன்றோ இரண்டோ சிறு துளை போட்டு, பழைய ரத்தத்தை வடித்து, உப்புநீரால் கழுவி, மிச்சம் வடிய ஒரு ட்யூபை விட்டுத் தையல் போட்டுவிடுகிறார்கள். நோயாளியின் நிலையைப் பொறுத்து முழு மயக்கமோ, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தோ செய்வார்கள். வந்தது பழைய எஞ்சின் ஆயில் மாதிரி இருந்தது என்றார் டாக்டர். கையெழுத்து வாங்கும் முன்பே கெட்டதையும் சொன்னார்: திரும்ப ரத்தம் கசியலாம், வலிப்பு வரலாம், கிருமி தொற்றலாம், பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு மறுபடி சேர்ந்து இன்னொரு முறை வடிக்க வேண்டிவரலாம். கேட்கப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இதைச் சொல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்குகிற இடமாக இருந்தால் நான் யோசிப்பேன்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். வேலூருக்குக் கொண்டு போங்க என்றார் மாமா, திருவனந்தபுரம்தான் பக்கம் என்றார் அத்தான். 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி துறையை ஆரம்பித்த காலத்தில் அது சரி. இன்றைக்கு இந்தத் துளை ஆபரேஷன் நியூரோ சர்ஜன் இருக்கிற எந்த நல்ல மருத்துவமனையிலும் அடிக்கடி நடப்பது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் நியூரோ சர்ஜரி உண்டு. ஆழத்தில் இருக்கும் கட்டி, வலிப்புக்கான ஆபரேஷன் என்றால் பெரிய ஊர் போவதில் அர்த்தம் இருக்கிறது. இதற்கு, ஏற்கெனவே அழுத்தம் ஏறி நிற்கிற ஆளை அவ்வளவு தூரம் காரில் வைத்துக் கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆபரேஷன் முடிந்த இரவு ஐ.சி.யூ.வில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, கன்னடியன் கால்வாயில் தண்ணி விட்டாச்சா, நாத்து என்னாச்சு என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் ஆடிப்போனோம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் குழப்பம் சகஜம், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும் என்று காலையில்தான் சொன்னார்கள், முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ட்யூப் இருக்கும் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும், அது இவரை மாதிரி ஆளுக்குப் பெரிய தண்டனை. கை கால் பலம் வேகமாகத் திரும்பியது, தள்ளாட்டம் போக நாளானது. நர்ஸ்கள் தங்கம்.

இனி அந்த இரண்டு மார்க்குக்கு வருகிறேன். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், பில் வர இருட்டிவிட்டது. அதையாவது விடலாம். டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம், நிறுத்தி வைத்த ஆஸ்பிரினை எப்போது மறுபடி தொடங்குவது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. சீக்கிரம் தொடங்கினால் ரத்தக்கசிவு, ரொம்பத் தள்ளினால் இதயத்துக்கு ஆபத்து, இதைப் போய் எழுதாமல் விடுவார்களா? நான் திரும்ப மேலே ஏறிப் போய்க் கேட்டுத்தான் எழுதி வாங்கினேன். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் மருந்துக்கடைப் பையன்தான் சொன்னான். தலைவலி கூடினால், தூங்கிக்கொண்டே இருந்தால், கை கால் மறுபடி தளர்ந்தால் உடனே வர வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் அந்த மருத்துவமனையும் அந்த ஆபரேஷனும் பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். ‘நம்மைக் காக்கும் 48’ என்ற அரசு இலவச சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான், படித்துறையில் விழுந்தவருக்குக் கிடையாது. அப்புறம் ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டைக் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது, மறுபடி ஸ்கேன் எடுக்கும்போது பழையதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.